வீட்டில் இருந்தபடியே குடிநோய்க்குத் தீவிர சிகிச்சை: முதல் நாளிலிருந்து முதல் வருடம் வரை

குடியை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு ஒரு வீட்டில் எழுந்தாலே, அடுத்து வரும் கேள்வி "எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கலாம்?" என்பதுதான். சேர்த்தால் வேலை போகும், சம்பளம் நிற்கும், ஊருக்குத் தெரியும், செலவும் ஆகும். பேச்சு அங்கேயே நின்றுவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து, மஞ்சள் காமாலையோடு அரசு மருத்துவமனை வார்டில் அதே பேச்சு மறுபடி தொடங்குகிறது. இதற்கு நடுவில் இன்னொரு வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. வீட்டில் தங்கிக்கொண்டு, முடிந்தால் வேலைக்கும் போய்க்கொண்டு, வாரத்தில் பல நாள் சிகிச்சைக்கு வந்துபோவதுதான் அந்த வழி. இதைத் தீவிர புறநோயாளர் சிகிச்சை என்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்குத் தெளிவான வரையறை உண்டு: பெரியவர்களுக்கு வாரத்தில் 9 மணி நேரம் முதல் 19 மணி நேரம் வரை. பெரும்பாலும் வாரம் மூன்று நாள், நாளுக்கு மூன்று மணி நேரம் என்று நடக்கும். இத்தகைய சிகிச்சை பற்றிய ஆய்வுகளை அங்கே 2014-இல் தொகுத்துப் பார்த்தபோது, பெரும்பாலான நோயாளிகளுக்கு இதன் பலன் உள்நோயாளர் சிகிச்சையின் பலனுக்கு ஈடாகவே இருந்தது. நம் ஊரில் இதே பெயரில் நடக்கும் மையங்கள் குறைவு. ஆனால் இதற்கு வேண்டிய எல்லாம் இங்கே இருக்கிறது: மனநல மருத்துவர், ஆலோசகர், மாத்திரைகள், குழுக் கூட்டங்கள். தனித்தனியாகக் கிடப்பதை ஒரு கால அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். எல்லோருக்கும் படுக்கை கிடைக்கும்வரை காத்திருப்பது நடக்கிற காரியமில்லை என்பதற்கு இதுவே போதும்.

1. முதலில், எவ்வளவு குடிக்கிறார் என்று கணக்குப் பாருங்கள்

"கொஞ்சம்தான் சார், ஒரு குவார்ட்டர்" என்பார்கள். டாஸ்மாக் குவார்ட்டர் 180 மில்லி. பிராந்தி, ரம், விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் அந்த ஒரு பாட்டிலில் சுமார் 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட் கேள்விப்பட்டியல் 10 கிராமை ஒரு அளவாகக் கொள்கிறது. அப்படியானால் 'ஒரு குவார்ட்டர்' என்பது ஆறு அளவு. 8 சதவீத ஸ்ட்ராங் பீர், 650 மில்லி பாட்டில் ஒன்று குடித்தால் ஏறக்குறைய நான்கு அளவு உள்ளே போகிறது. "பீர்தானே" என்று ஒதுக்கிவிட முடியாது.

ஆடிட்டில் பத்துக் கேள்விகள். மொத்த மதிப்பெண் 40. எட்டைத் தொட்டாலே குடி ஆபத்தான அளவுக்கு வந்துவிட்டது. 20-ஐத் தொட்டால் அடிமைநிலை இருக்க வாய்ப்பு அதிகம், மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். ஆனால் மதிப்பெண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: காலையில் எழுந்ததும் கை நடுங்குகிறதா, ஒரு கட்டிங் உள்ளே போனதும் அது நிற்கிறதா? ஆம் என்றால் உடம்பு மதுவுக்குப் பழகிவிட்டது. அப்படிப்பட்டவர் மருத்துவ உதவி இல்லாமல் சட்டென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நம் ஊரில் இது எப்படி நடக்கிறது என்று பாருங்கள். கார்த்திகை பிறந்ததும் மாலை போடுகிறார். அல்லது குலதெய்வக் கோயிலில் கயிறு கட்டி, இனி தொடமாட்டேன் என்று சத்தியம் செய்கிறார். அன்றே நிறுத்துகிறார். இரண்டாம் நாள் வலிப்பு வருகிறது, மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் பூச்சி ஊர்கிறது என்கிறார். "சாமி குத்தம்" என்று வீட்டில் பயந்துபோகிறார்கள். அது மதுவை உடம்பு திடீரென்று இழந்ததால் வந்த விளைவு. மாலை போடுவதை நான் தடுக்கவே மாட்டேன். அந்த மனவுறுதி சிகிச்சைக்குப் பெரிய பலம். ஆனால் மாலை போடும் நாளுக்குப் பத்து நாள் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

2. வீட்டில் இருந்து சிகிச்சை யாருக்குச் சரி, யாருக்குக் கூடாது

இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள்.

முன்பு எப்போதாவது குடியை நிறுத்தியபோது வலிப்போ சித்தப்பிரமையோ வந்திருந்தால், இந்த முறை முதல் வாரத்தை மருத்துவமனையில்தான் கழிக்க வேண்டும். ரத்த வாந்தி, கறுப்பாக மலம் போவது, வயிறு வீங்கியிருப்பது, கண் மஞ்சளாக இருப்பது, சாப்பிட்ட எதுவும் தங்காமல் வாந்தி எடுப்பது, இதய நோய் அல்லது கட்டுக்குள் வராத சர்க்கரை, கர்ப்பம், தற்கொலை எண்ணம், மதுவோடு தூக்க மாத்திரையோ போதை ஊசியோ சேர்ந்திருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அட்மிஷன்தான். வீட்டில் கூட இருந்து கவனிக்கப் பெரியவர் யாருமே இல்லை என்றாலும் அப்படித்தான். தனி அறையில் தங்கி வேலை பார்க்கும் ஒருவர், எவ்வளவு மனவுறுதி இருந்தாலும், முதல் வாரத்தைத் தனியாகக் கடக்க முயலக்கூடாது.

மற்றபடி, நடுத்தரமான அடிமைநிலை, பக்கத்தில் நம்பகமான ஓர் ஆள், மையத்துக்கு ஒரு மணி நேரத்துக்குள் வந்துபோகும் தூரம், "முயற்சி செய்து பார்க்கிறேன்" என்ற அளவுக்காவது சம்மதம் ஆகியவை இருந்தால் வீட்டில் இருந்தே தொடங்கலாம். முழு மனதோடு வர வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். பாதி மனதோடு வந்தவர்கள்தான் அதிகம். மீதிப் பாதி சிகிச்சையின்போது வரும்.

3. எங்கே போவது, என்ன கேட்பது

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு ஓ.பி. இருக்கிறது. சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை இருக்கிறது. 'கலங்கரை' என்ற பெயரில் தமிழக அரசு 2025-இல் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்களைத் திறந்தது. தன்னார்வ அமைப்புகளில் சென்னையின் டி.டி.கே. மருத்துவமனையைச் சொல்ல வேண்டும். சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அந்த அமைப்புதான் குடி ஒரு நோய் என்பதைத் தமிழ்நாட்டில் பல குடும்பங்களுக்கு முதலில் புரியவைத்தது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் எது என்று தெரியாவிட்டால் 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணிலோ, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ கேளுங்கள். தமிழில் பேசலாம்.

போனில் இப்படிக் கேளுங்கள்: மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் இருப்பார்? ஆலோசகர் தனியாக எவ்வளவு நேரம் ஒதுக்குவார்? குழுக் கூட்டம் உண்டா, மாலையில் நடக்குமா? வீட்டாருக்குத் தனியாக நேரம் உண்டா? ராத்திரி ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது? இந்த ஐந்துக்கும் பதில் வராத இடத்தில் மாத்திரைச் சீட்டு மட்டும்தான் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. "போன் பண்ணுங்க, நாங்களே வண்டியில வந்து தூக்கிட்டுப் போறோம்" என்று சொல்லும் இடங்களை அண்டாதீர்கள். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மனநல சிகிச்சை தரும் இடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். நோயாளியின் சம்மதத்துக்கும், அவரைப் பற்றிய தகவல்களின் ரகசியத்துக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை.

4. முதல் சந்திப்பு

காலையிலேயே போங்கள். அரசு ஓ.பி.யில் டோக்கன் சீக்கிரம் முடிந்துவிடும். முதல்நாள் ராத்திரி குடித்திருந்தாலும் பரவாயில்லை, வர வேண்டும். "குடிச்சிட்டு எப்படி டாக்டர் முன்னாடி நிக்கிறது" என்று வெட்கப்பட்டு, தானாகவே நிறுத்தி, இரண்டு நாள் நடுக்கத்தோடு வருவதைவிட அது எவ்வளவோ மேல். கடைசியாகக் குடித்தது எப்போது, எவ்வளவு என்பதை மட்டும் உண்மையாகச் சொன்னால் போதும்.

பழைய மருத்துவச் சீட்டுகள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் எடுக்கும் மாத்திரைகள், ஏற்கெனவே சாப்பிட்ட 'குடி நிறுத்தும்' மருந்து ஏதாவது இருந்தால் அதுவும், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். கல்லீரல் பரிசோதனை, ரத்த அணுக்கள், சர்க்கரை, சிறுநீரகம், தேவைப்பட்டால் வயிற்று ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். கல்லீரல் ரிப்போர்ட்டில் ஜி.ஜி.டி. என்ற வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் குடியை நிறுத்திய சில வாரங்களில் அது இறங்கத் தொடங்கும். "என் உடம்பு திரும்பி வருது" என்று ஒருவர் காகிதத்தில் பார்க்கும் முதல் சான்று பலருக்கு அந்த எண்தான்.

5. முதல் பத்து நாள்

கடைசிக் குவளைக்குப் பிறகு ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். குழப்பம், இல்லாததைக் காண்பது, காய்ச்சல், நெஞ்சு வேகமாக அடிப்பது என்று வரும் டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற கடுமையான நிலை இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் தலைகாட்டும். ஐந்து முதல் ஏழு நாளில் உடம்பு அடங்கிவிடும். தூக்கம் மட்டும் சரியாகச் சில வாரம் பிடிக்கும்.

இந்த நாட்களுக்கு மருத்துவர் டயஸெபாம் அல்லது குளோர்டயஸெபாக்ஸைடு வகை மாத்திரை தருவார். கல்லீரல் மோசமாக இருந்தால் லோரஸெபாம் தருவதுண்டு. முதலில் அதிகமாகத் தொடங்கி, நாளுக்கு நாள் குறைத்து, ஒரு வாரம் பத்து நாளில் நிறுத்துவார்கள். இந்த மாத்திரை நோயாளியின் கையில் இருக்கக்கூடாது. வீட்டில் ஒருவர் பூட்டி வைத்து, வேளாவேளைக்கு எடுத்துத் தர வேண்டும். கூடவே குடித்தால் மூச்சே நின்றுபோகலாம். வண்டி ஓட்டக்கூடாது. மீந்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தூக்கத்துக்கு ஆகும் என்று எடுத்துவைத்தால் குடிக்குப் பதில் மாத்திரைக்கு அடிமையாக நேரும்.

தயமின் என்கிற பி1 வைட்டமின் கட்டாயம். நீண்ட நாள் குடிப்பவரின் உடம்பில் அது வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். "ரொம்ப சோர்வா இருக்கார், ஒரு பாட்டில் ஏத்திட்டு வந்துடலாம்" என்று தெருமுனை கிளினிக்குக்குப் போகும் பழக்கம் நமக்கு நிறைய உண்டு. போனால், குடியை நிறுத்திய விவரத்தை முதலிலேயே சொல்லுங்கள். "தயமின் போட்டீங்களா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

வீட்டில் கூட இருப்பவர் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளட்டும். காலை, மதியம், இரவு மூன்று வேளையும் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணி எழுதுங்கள். கையை நீட்டி விரல்களை விரிக்கச் சொல்லி, நடுக்கம் நேற்றைவிடக் கூடவா குறைவா என்று எழுதுங்கள். இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று கேளுங்கள். பதில் தடுமாறினால், வலிப்பு வந்தால், காய்ச்சல் ஏறினால், இல்லாத ஆட்களோடு பேசினால் அடுத்த ஓ.பி. வரை காத்திருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள். கஞ்சி, மோர், இளநீர், பழம் என்று ஏதாவது அடிக்கடி கொடுங்கள். முதல் வாரத்தில் தினமும், முடியாவிட்டால் ஒன்றுவிட்டு ஒரு நாளாவது, மையத்தில் முகம் காட்டிவிட்டு வர வேண்டும்.

இந்தப் பத்து நாள் முடிந்ததும் முகம் தெளியும், பசி எடுக்கும். "இப்ப நல்லாத்தானே இருக்கேன், இனி எதுக்கு ஆஸ்பத்திரி?" என்ற கேள்வி வரும். உண்மையில் இதுவரை நடந்தது முன்னேற்பாடு. சிகிச்சை இனிமேல்தான்.

6. வாரத்துக்கு ஒன்பது மணி நேரம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இந்தப் பகுதியை வைத்துக்கொள்ளுங்கள். புறநோயாளர் சிகிச்சை பலருக்குப் பலிக்காமல் போவது வீட்டில் இருந்ததால் அல்ல. நேரம் போதாததால்தான். மாதம் ஒருமுறை பத்து நிமிடம் மருத்துவரைப் பார்த்துவிட்டு, "நானும் சிகிச்சை எடுத்துப் பார்த்தேன்" என்று சொல்வது அந்த மனிதருக்கே அநியாயம்.

முதல் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்துக்கு வாரம் ஒன்பது மணி நேரத்தை எப்படியாவது சேர்க்க வேண்டும். ஒரே இடத்தில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் இப்படித் தொகுக்கலாம். திங்கட்கிழமை மருத்துவரும் ஆலோசகரும். பரிசோதனையும் பேச்சுமாக இரண்டு மணி நேரம். செவ்வாய், வியாழன் மாலைகளில் குடியை விட்டவர்களும் விட முயல்பவர்களும் கூடிப் பேசும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) கூட்டம், போகவர நேரம் போகத் தலா ஒன்றரை மணி. புதன்கிழமை மையத்தில் குழு அமர்வு, இரண்டு மணி. சனிக்கிழமை மனைவியோ அம்மாவோ அண்ணனோ கூட வரும் குடும்ப அமர்வும், அதன்பின் தனி ஆலோசனையுமாக இரண்டு மணி. ஒன்பது ஆகிவிட்டது.

ஏ.ஏ. கூட்டத்துக்குக் கட்டணம் இல்லை, பெயர் கேட்க மாட்டார்கள். தமிழில் நடக்கும் கூட்டங்கள் பல ஊர்களில் உண்டு. கூட்டத்தில் மதம் பேசுவார்களோ என்று தயங்குகிறவர்கள் இரண்டு மூன்று முறை போய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

நேரத்தை மாலையில் வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டாஸ்மாக் கடை மதியம் 12-லிருந்து இரவு 10 வரை திறந்திருக்கிறது. வேலை முடிந்து கையில் கூலி வாங்கி, பசியோடும் அலுப்போடும் அந்த வழியாக வரும் ஆறு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையில்தான் பெரும்பாலான சறுக்கல்கள் நடக்கின்றன. அந்த இரண்டு மணி நேரத்தை ஓர் அறையில், ஏழெட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கும் நாற்காலிகளில் ஒன்றில் கழிப்பதே பாதி மருந்து.

குழுவில் என்ன நடக்கும்? ஒரு நல்ல ஆலோசகர் உபதேசம் செய்ய மாட்டார். "நேத்து சாயங்காலம் அஞ்சு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் என்ன நடந்ததுன்னு கால் மணி நேரம் கால் மணி நேரமா சொல்லுங்க" என்பார். ஒரு கொத்தனார் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அஞ்சரைக்குக் கூலி. அஞ்சே முக்காலுக்குக் கூட்டாளி முருகன் வண்டியில் ஏறச் சொன்னான். ஆறு மணிக்கு ஆம்லெட் வாசனை. அந்த மூன்று வரியில் எந்த இடத்தில் வேறு பாதை இருந்தது என்று எல்லோரும் சேர்ந்து தேடுவார்கள். கூலியை மேஸ்திரியிடமிருந்து மனைவியின் கணக்குக்கே ஜி-பே செய்யச் சொல்லலாமா? முருகனிடம் "மாத்திரை சாப்பிடுறேன்டா, குடிச்சா ஆகாது" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாமா? பேருந்தில் வேறு நிறுத்தத்தில் இறங்கலாமா? அடுத்த அமர்வில் எது வேலை செய்தது என்று சொல்ல வேண்டும். இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் குடிக்காமல் இருப்பதை இப்படித்தான் பழக முடியும்.

குடிக்க வேண்டும் என்ற ஆவல் பொங்கி வந்தால், அது பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தானாகவே தணியும் என்பதும் அங்கே கற்றுத்தரும் பாடம். அந்த அரை மணிக்குள் சாப்பிட வேண்டும், யாரையாவது போனில் கூப்பிட வேண்டும், இருக்கும் இடத்தை விட்டு நகர வேண்டும். பசி, கோபம், தனிமை, களைப்பு என்ற நான்கில் எது இப்போது இருக்கிறது என்று தன்னையே கேட்டுக்கொள்ளப் பழகினால் பாதி நேரம் காரணம் பிடிபட்டுவிடும்.

வாயால் ஊதிக் காட்டும் கருவியை மையத்தில் நீட்டினால் கோபப்பட வேண்டாம். சர்க்கரை நோயாளிக்கு ரத்தம் எடுத்துப் பார்ப்பது எப்படியோ இதுவும் அப்படித்தான்.

7. மாத்திரைகள்

உடம்பு அடங்கிய பிறகு, ஆவலைக் குறைக்கும் மாத்திரைகள் உண்டு. நால்ட்ரெக்ஸோன் வழக்கமாக நாளுக்கு ஒரு 50 மி.கி. மாத்திரை. குடித்தாலும் கிடைக்கும் கிளர்ச்சியை அது மழுங்கடிக்கும். அபின் வகை வலி மருந்து எடுப்பவருக்கு இதைத் தரக்கூடாது, கல்லீரலையும் பார்த்துத்தான் தருவார்கள். அகாம்ப்ரொசேட்டைக் கல்லீரல் பாதித்த பலருக்கும் தரலாம். ஆனால் சிறுநீரகம் சரியாக இருக்க வேண்டும், நாளுக்கு மூன்று வேளை போட வேண்டும். கல்லீரல் சுருங்கிப்போனவர்களுக்கு மருத்துவர்கள் பேக்லோஃபென் தருவதும் உண்டு. இவற்றைச் சில மாதங்களாவது, பெரும்பாலும் ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை, தொடர வேண்டியிருக்கும்.

டைசல்ஃபிராம் வேறு வகை. அது ஆவலைக் குறைக்காது. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் சில நிமிடங்களில் முகம் சிவந்து, தலை வெடித்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் சரிந்துவிடும். உயிரும் போகலாம். நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை உடம்பில் இருக்கும். இருமல் சிரப்புகள், வாய் கொப்பளிக்கும் மருந்துகள் பலவற்றிலும், தசமூலாரிஷ்டம் போன்ற அரிஷ்டங்களிலும் ஆல்கஹால் இருப்பதால் அவையும் ஆகாது. முழு விவரமும் தெரிந்து, எழுத்தில் சம்மதித்து, வீட்டார் கண்முன்னே தினமும் சாப்பிடும் ஒருவருக்கு இது நன்றாக உதவும்.

இந்த மாத்திரையைச் சாம்பாரில், ரசத்தில் தெரியாமல் கலந்து கொடுக்கும் வீடுகள் இருக்கின்றன. தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், செய்யாதீர்கள். அவருக்குத் தெரியாது, வழக்கம்போல் குடிப்பார், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வார், மருத்துவருக்கும் காரணம் தெரியாது. "அவருக்கே தெரியாமல் குடியை மறக்கவைக்கும் பொடி" என்று விளம்பரம் செய்யப்படும் பொட்டலங்களும் இதே ஆபத்துதான். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

8. வீட்டில் இருப்பவர்கள்

போதையில் இருக்கும்போது பேசாதீர்கள். காலையில், குளித்துச் சாப்பிட்டு நிதானமாக இருக்கும்போது, சுருக்கமாகப் பேசுங்கள். "நேத்து நீங்க சாப்பிடாமலே படுத்துட்டீங்க. பாப்பா உங்களுக்காகப் பத்து மணி வரைக்கும் முழிச்சிருந்தா. எனக்குப் பயமா இருக்குங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வர்றேன்." நடந்தது என்ன, தனக்கு எப்படி இருந்தது, அடுத்து என்ன செய்யலாம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. பழைய கணக்கு எதுவும் இல்லை.

அவருக்காக முதலாளியிடம் பொய் சொல்வது, கடனை அடைப்பது, கீழே கொட்டியதைச் சுத்தம் செய்வது ஆகியவற்றைப் படிப்படியாக நிறுத்துங்கள். குடிக்காத நாளை மட்டும் கவனித்துப் பாராட்டுங்கள்: பிடித்த சாப்பாடு, ஒன்றாக ஒரு நடை, இரண்டு நல்ல வார்த்தை. மாத்திரையைக் கொடுக்கும்போது போலீஸ் மாதிரி நிற்காதீர்கள், தண்ணீரோடு நீட்டினால் போதும். குடும்பத்தாருக்கென்று அல்-அனான் கூட்டங்கள் தனியாக நடக்கின்றன. அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் இந்த அறிவுரை எதுவும் முதல் வேலை இல்லை. பாதுகாப்புதான் முதல் வேலை. 181 பெண்கள் உதவி எண். அப்படிப்பட்ட நிலையில் அவருக்கு உள்நோயாளர் சிகிச்சை கேட்பதே நல்லது.

குடிப்பவர் பெண்ணாக இருந்தால் வீட்டார் மூடி மறைப்பதிலேயே வருடங்கள் ஓடிவிடுகின்றன. குறைந்த அளவிலேயே, குறைந்த காலத்திலேயே பெண்களின் கல்லீரல் கெடுகிறது. வீட்டில் இருந்தே சிகிச்சை பெறும் இந்த வழி, பிள்ளைகளை விட்டுவிட்டு எங்கேயும் தங்க முடியாத பெண்களுக்கு மிகவும் பொருந்தும். தனி ஆலோசனை நேரம் கேட்டு வாங்குங்கள். ஆண்கள் மட்டுமே இருக்கும் குழுவில் உட்கார வேண்டிய கட்டாயம் இல்லை.

9. சறுக்கினால்

பலருக்கு ஒரு தடவையாவது நடக்கும். கல்யாண வீடு, துக்க வீடு, தீபாவளி, போனஸ் வந்த நாள், மச்சான் துபாயிலிருந்து வந்த நாள் என்று ஏதாவது ஒன்று வரும். ஒரு குவளை குடித்ததைவிட, அதற்குப் பிறகு மனதுக்குள் ஓடும் "எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கு" என்ற பேச்சுதான் அதிக சேதம் செய்கிறது. அந்தப் பேச்சுதான் ஒரு குவளையைப் பத்து நாள் குடியாக மாற்றும்.

அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள் காலையில், ஆலோசகரைக் கூப்பிட வேண்டும். டைசல்ஃபிராம் சாப்பிடுபவர் குடித்துவிட்டால் உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றினாலும் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மற்றவர்களுக்கு அந்த வாரம் இன்னும் இரண்டு அமர்வு கூட்டினால் போதும். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மறுபடி நடுக்கம் வரும், ஐந்தாம் பகுதியிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். இதற்கான எண்களையும் ஆட்களையும் சறுக்குவதற்கு முன்பே ஒரு காகிதத்தில் எழுதி, பர்ஸில் வைத்திருக்க வேண்டும்.

மூன்று நான்கு வாரம் தீவிரமாக வந்தும் குடி நிற்கவே இல்லை என்றாலோ, அமர்வுகளுக்கு வராமல் நழுவிக்கொண்டே இருந்தாலோ, வீட்டுச் சூழலே குடிக்கத் தூண்டுகிறது என்றாலோ, உள்நோயாளர் சிகிச்சைக்கு மாற்றச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் தங்கிவிட்டு வந்து மறுபடி இதே ஒன்பது மணி நேரத்தில் சேரலாம். எந்தப் பக்கம் மாறினாலும் கோப்பு ஒன்றே, சிகிச்சையும் ஒன்றே.

10. வேறு போதைகள் என்றால்

கால அட்டவணை இதேதான், மருத்துவம் மாறும். போதை ஊசி, ஹெராயின், டேப்பென்டடால் போன்ற வலி மாத்திரைகளுக்குப் பழகியவர்களுக்கு புப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்து நீண்ட காலம் தர வேண்டியிருக்கும். நிறுத்திச் சில வாரம் கழித்துப் பழைய அளவையே எடுத்தால் உடம்பு தாங்காது, சாவு அங்கேதான் நிகழ்கிறது. தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும். கஞ்சாவுக்குத் தனி மாத்திரை இல்லை, ஆலோசனைதான் மருந்து.

11. மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

ஒன்பது மணி நேரம் நாலைந்து மணியாகும். ஆறாம் மாதத்தில் வாரம் ஒருமுறை ஏ.ஏ. கூட்டமும், மாதம் ஒருமுறை மருத்துவரும் என்றாகும். குறைப்பதை நோயாளியும் ஆலோசகரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். பேருந்துக் கட்டணம் மிச்சமாகும் என்று தானாகவே நிறுத்தக்கூடாது. தூக்கம் இன்னும் சரியாகவில்லை, எதிலும் பிடிப்பில்லை, அழுகை வருகிறது என்றால் மனச்சோர்வு இருக்கிறதா என்று இந்தக் கட்டத்தில் கட்டாயம் பார்க்க வேண்டும். குடி போன பிறகுதான் அது வெளியே தெரியும்.

கடனுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் அடைக்கும் வேகம் வேண்டாம், அந்த அழுத்தமே மறுபடி குடிக்கத் தள்ளும். மருத்துவக் காப்பீடு இருந்தால் பாலிசியில் ஓ.பி. செலவு சேருமா என்று பாருங்கள். மனநோய்க்கும் உடல்நோய்க்கு இணையாகக் காப்பீடு தர வேண்டும் என்பது 2017 சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பல பாலிசிகள் அட்மிஷனுக்கு மட்டுமே பணம் தருகின்றன.

ஒரு வருடத்துக்கான தேதிகளை இப்போதே காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள்: மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் கல்லீரல் பரிசோதனை, பொங்கல், ஊர்த் திருவிழா, தீபாவளி. விழா நாட்களுக்கு முந்தைய வாரம் கூடுதலாக ஓர் அமர்வு கேட்டு இப்போதே பதிவு செய்துவிடலாம். அன்றைக்கு யாரோடு போவது, எத்தனை மணிக்குக் கிளம்பிவிடுவது என்பதை அந்த அமர்விலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.